மாட்டின் ஏப்பமும் மயிலத்தமடுவும்

காலநிலை மாநாடுகளில் இப்போது மாடுகளும் பேசுபொருள். மாட்டின் இரைப்பையில் புல் நொதிக்கும்போது உருவாகும் மீதேன், பெரும்பாலும் ஏப்பமாகவே வெளியேறுகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், காபனீரொட்சைட்டைவிட 80 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு இது. ஆனால் சுமார் 12 ஆண்டுகளில் வளிமண்டலத்திலிருந்து நீங்கிவிடும். எனவே இதைக் குறைத்தால் பலன் விரைவில் தெரியும்.

ஆனால் குறைப்பது எளிதல்ல. நமது தேநீருக்குப் பால்மா அனுப்பும் நியூசிலாந்து, பண்ணை உமிழ்வுகளுக்குக் கட்டணம் அறவிடும் திட்டத்தை 2022இல் முன்வைத்தது. விவசாயிகள் உழவு இயந்திரங்களுடன் வீதிக்கு இறங்கினார்கள். ஆட்சி மாறியது, 2024இல் திட்டம் கைவிடப்பட்டது. மீதேனைக் குறைக்கும் தீவனச் சேர்க்கைகள் வந்துள்ளன. தொழுவத்தில் தீனி தின்னும் மாட்டுக்கு அவை சரி. பகல் முழுதும் வெளியில் மேயும் மட்டக்களப்பு மாட்டுக்கு அவற்றை அளந்து ஊட்டுவது யார்?

எனவே நம் நிலைமைக்குப் பொருத்தமான கேள்வி, ஒரு லீற்றர் பாலுக்கு எவ்வளவு மீதேன் என்பதே. காய்ந்த, நார் மிகுந்த புல்லை மட்டும் தின்னும் மாடு குறைவாகப் பால் கறக்கும், பிந்திக் கன்று ஈனும். ஏப்பம் மட்டும் நிற்காது. நல்ல புல்லும் கிளிரிசீடியா போன்ற தழையும் கிடைத்தால், அதே அளவு பாலைக் குறைந்த மாடுகளில் இருந்தே பெறலாம்.

இங்கேதான் மயிலத்தமடு வருகிறது. பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்படும்போது மாடுகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிச் செல்லப்படுகின்றன. அங்கு நடக்கும் அத்துமீறிய பயிர்ச்செய்கையை நிறுத்தக் கோரி, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். இதை நாம் காணிப் பிரச்சினையாகவும் இனப் பிரச்சினையாகவும் பேசிவருகிறோம். அது சரியே. ஆனால் தரை சுருங்கும்போது அதே மந்தை குறைந்த புல்லை நம்பி நிற்கிறது, பால் குறைகிறது. நாளை பறிபோகலாம் என்ற நிலத்தில் யாரும் நல்ல புல் விதைக்கப் போவதுமில்லை.

மாடுகளைக் குறைக்கச் சொல்வோர் ஒன்றை மறக்கிறார்கள். பண்ணையாளருக்கு மந்தைதான் வங்கி. பத்து மாட்டின் பாலை ஐந்து மாடு தரும் என்ற நம்பிக்கை வந்தால்தான் மிச்சத்தை விற்பார். அந்த நம்பிக்கை இல்லாமல் மந்தை பெருகினால், லீற்றர் கணக்கு குறைந்தாலும் மொத்த மீதேன் குறையாது.

ஆகவே அரசு முதலில் செய்யவேண்டியது, மேய்ச்சல் தரையின் எல்லைகளை வர்த்தமானியில் அறிவித்து அவற்றைக் காப்பது. புல் அபிவிருத்தியும் கால்நடை வைத்திய சேவையும் அதன்பிறகே பயன் தரும். அதைச் செய்யாமல் மீதேன் குறைப்பு பற்றிப் பேசினால், அதன் சுமை பண்ணையாளரின் தலையில்தான் விழும்.