கடனுக்குச் சரக்கு யாருக்குக் கிடைக்கும்?

இலங்கை அகதிகளைப் பற்றித் திருச்சியில் பேச்செடுத்தால் பலரிடமும் ஒரே பதில் வரும். "அவங்களும் தமிழ்தானே பேசுறாங்க. வந்து நாப்பது வருஷம் ஆச்சு. முகாம்ல எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்காங்க, காந்தி மார்க்கெட் வரைக்கும் வந்து வேலை பாக்குறாங்க. இன்னும் ஏன் ஒட்ட மாட்டேங்கிறாங்க?" பகையோடு கேட்பவர்கள் குறைவு, பெரும்பாலும் ஆதங்கம்தான். ஆனால் இதன் ஒவ்வொரு துண்டும் தவறு என்றே நான் நினைக்கிறேன்.

ஒன்றாக இருக்கிறார்கள் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டு, துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை என இரண்டு முகாம்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அடுத்த வீட்டுச் சண்டை முழுதும் காதில் விழும் நெருக்கத்தில் தனிமை எப்படி வரும் என்று தோன்றலாம். தனிமையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் வெய்ஸ் 1973-லேயே அதை இரண்டாகப் பிரித்தார்: மனதுக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, தன்னை ஓர் ஆளாக மதிக்கும் வட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. சுற்றிலும் ஆள் இருப்பது இந்த இரண்டில் எதையும் தீர்ப்பதில்லை. மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வெவ்வேறு ஆண்டுகளில் படகேறி வந்தவர்களை ஒரு வரிசையில் குடிவைத்தது அரசு. அண்டை வீட்டாரை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு கண்காணிப்பும் இறுகியது. ஆள் கணக்கெடுக்கும் நாளில் முகாமில் இருந்தாக வேண்டும், தவறினால் அரசு தரும் பணக்கொடைக்குச் சிக்கல். நாம் பேசுவது யார் காதுக்குப் போகும் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் மனம் விட்டுப் பேச யாருக்கு வரும்?

மொழி ஒன்றுதானே என்பது அடுத்தது. மார்க்கெட்டில் புதிய முகத்தைப் பார்த்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது "எந்த ஊரு?" என்றுதான். லால்குடி என்றால் "லால்குடியில எங்க?" என்று பேச்சு நீளும், இரண்டு நிமிடத்தில் ஒரு தூரத்து உறவோ, தெரிந்த வாத்தியாரோ கிடைத்துவிடுவார். முகாமிலிருந்து வந்தவருக்கு அந்தக் கேள்வியிலேயே பேச்சு தடுக்கிவிடுகிறது. உண்மையைச் சொன்னால் அடுத்து வருவது போரைப் பற்றியோ புலிகளைப் பற்றியோ விசாரணை. அதனால் சிலர் பேச்சை நம்மூர் வழக்குக்கு மாற்றிக்கொண்டு, கொட்டப்பட்டு என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒரே மொழி அவர்களுக்கு ஒளிந்துகொள்ளவும் உதவுகிறது என்பது நமக்கு உறைக்க வேண்டும்.

வேலைக்கு வருகிறார்களே, அது உறவில்லையா? இங்கேதான் மார்க்கெட்டையே சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். விடியுமுன் கமிஷன் மண்டியில் தக்காளிப் பெட்டியை எடுக்கும் சில்லறை வியாபாரி பல நேரம் காசு கொடுப்பதில்லை. சாயங்காலம் தருவார், நாளைக்குத் தருவார். நாளைக்கும் இவர் இங்கேதான் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் சரக்கு கைமாறுகிறது. புதிதாக வருபவருக்குப் பழைய ஆள் ஒருவர் "நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். முகாம்வாசிக்கு அப்படிச் சொல்ல யார் முன்வருவார்கள்? எப்போது திருப்பி அனுப்பப்படுவோம் என்று அவருக்கே தெரியாது. ஆகவே அவருக்கு எளிதாகக் கிடைப்பவை அன்றன்றைக்குக் கணக்கு முடியும் வேலைகள்: மூட்டை தூக்குவது, பெயின்ட் அடிப்பது, சித்தாள் வேலை. கூலி கைக்கு வந்ததும் அந்த உறவும் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் இந்த ஊர் நினைத்துப் பார்க்க வேண்டும். காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாக மதுரை சாலையில் கள்ளிக்குடியில் பல கோடி செலவில் ஒரு வணிக வளாகம் கட்டி 2017-இல் திறந்தார்கள். வியாபாரிகள் போக மறுத்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னருக்குப் போனது. வியாபாரிகள் சங்கமாகக் கூடிப் போராடினார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது, அந்த ஆண்டு இறுதிக்குள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். வாடிக்கையும் கடன் கணக்கும் சுமைக்காரரும் டீக்கடையும் சேர்ந்ததுதான் தங்கள் பிழைப்பு, அதைப் பெயர்த்து வேறிடத்தில் நட முடியாது என்றார்கள். ஊரும் அது நியாயம் என்றது. சில கிலோமீட்டர் இடம் மாறுவதில் அத்தனை இழப்பு உண்டென்றால், முப்பது வயதில் தோணியையும் வயலையும் கோயில் திருவிழாவையும் விட்டுக் கடல் கடந்தவர் இழந்ததை என்னவென்று கணக்கிடுவது? வியாபாரிகளுக்குச் சங்கம் இருந்தது, வாக்கு இருந்தது, "போக மாட்டோம்" என்று சொல்லும் உரிமை இருந்தது.

வெளிநாட்டுச் சொந்தங்கள் போனில் பேசுகிறார்களே என்பார்கள். டொராண்டோவில் இருக்கும் தம்பி பணம் அனுப்பலாம். ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடிக்க அவர் வர முடியாது.

படித்தவர்கள் வேறொன்று சொல்வார்கள்: எல்லாம் போர் தந்த காயம், மனநல ஆலோசனை கொடுத்தால் சரியாகும் என்று. காயம் உண்மை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் குலைத்தது தனிமனிதரை மட்டுமல்ல, ஒரு சமூகத்தின் நம்பிக்கையையும் பிணைப்பையும் என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் ஆஸ்திரேலியா போன தமிழர்களை ஸ்டீல், சிலோவ் குழுவினர் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போரில் பட்டதோடு, வந்து சேர்ந்த நாட்டில் படும் பாடும் மன அவதிக்குத் தனிப் பங்கு தருகிறது என்றது அது. அந்தப் பங்கு நம் கையில் இருக்கிறது.

2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, புது வீடுகளும் அறிவித்தது. நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் மண்டியில் ஒருவர் தைரியமாகக் கடன் சொல்ல வேண்டுமென்றால் அவருக்குக் குடியுரிமை வேண்டும். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த கொட்டப்பட்டுப் பெண் ஒருவர் உயர் நீதிமன்றம் போய் 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற சட்டப்பிரிவுதான் அவருக்குக் கைகொடுத்தது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, ஒரே தாய்க்கு ஒரே முகாமில் பிறந்த அக்கா வாக்காளராகலாம்; இரண்டு வருடம் இளைய தம்பி, முப்பது வயதைத் தாண்டிய பிறகும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்.