ஓட்டுநர் இல்லாத கார் மோதினால் யார் பொறுப்பு?

தானே ஓடும் கார்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். காமிராவும் ரேடாரும் அதன் கண்கள். கணிப்பொறியே அதன் மூளை. அமெரிக்காவின் பீனிக்ஸ், சான்பிரான்சிஸ்கோ நகரங்களில் இத்தகைய வாடகைக் கார்கள் ஓட்டுநரே இல்லாமல் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் வரும் சாலையில் அப்படியொரு கார் ஒருநாள் ஓடுவதாகவும், அது நடந்து செல்லும் ஒருவர் மீது மோதி அவர் இறந்துவிடுவதாகவும் வைத்துக்கொள்வோம். பொறுப்பு யாருடையது? காரில் இருந்தவர் வெறும் பயணி. உரிமையாளரோ வீட்டில் இருந்தார். காரைச் செய்த நிறுவனம் எங்கோ தொலைவில் இருக்கிறது.

நமது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது அது. 2019-இல் செய்த திருத்தத்தின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாயும் பெறலாம். ஆனால் குடும்பத்தின் உண்மையான இழப்புக்கு ஏற்ப அதிகம் கேட்க வேண்டுமானால், ஓட்டியவரின் கவனக்குறைவைத் தீர்ப்பாயத்தில் காட்ட வேண்டும். ஓட்டியவரே இல்லாதபோது எதைக் காட்டுவது? கணிப்பொறி நிரலில் உள்ள பிழையை ஒரு விவசாயக் கூலியின் குடும்பம் கண்டுபிடிக்க முடியுமா?

இது வெறும் கற்பனை அன்று. 2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதனை செய்துகொண்டிருந்த கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதியது. அவர் உயிரிழந்தார். மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆயினும் கடைசிவரை அவரை நடந்து செல்பவராகக் கணிப்பொறி அறிந்துகொள்ளவில்லை. குறுக்குக்கோடு இல்லாத இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பார் என்பது அதற்குக் கற்பிக்கப்படவில்லை! குற்ற வழக்கு நிறுவனத்தின் மீது வரவில்லை. காரில் கண்காணிப்புக்கு அமர்ந்திருந்த பணியாளர் மீதே வந்தது.

நம் ஊரில் குறுக்குக்கோட்டில் மட்டுமா சாலையைக் கடக்கிறோம்? கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்விளக்கில்லாத மாட்டு வண்டி, ஆட்டு மந்தை, சாலையோரம் காயும் நெல் ஆகிய அனைத்தையும் அந்தக் கணிப்பொறி கற்றாக வேண்டும் அல்லவா?

பிரிட்டன் 2018-இல் ஒரு நல்ல வழியைச் சட்டமாக்கியது. தானே ஓடும் கார் விபத்து செய்தால், முதலில் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட வேண்டும். தவறு காரைச் செய்தவருடையது என்றால், அவரிடமிருந்து அது பின்னர் வசூலித்துக்கொள்ளலாம். வழக்கு இரண்டு பெரிய நிறுவனங்களுக்கிடையே நடக்கும்; துயருற்ற குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த முறை இங்கும் வேண்டும் என்பதே என் கருத்து. அத்துடன், விபத்து நேரத்தில் கார் பதிவு செய்த விவரங்களைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும் என்ற விதியும் தேவை. இவ்வளவு சுமை ஏற்றினால் புதிய கண்டுபிடிப்பு தடைப்படும் என்பார்கள் சிலர். பிழைக்கு விலை கொடுக்க வேண்டியவர்தான் பிழையைத் திருத்த முனைவார். பெண்ணாடத்துச் சாலையைக் கற்காத கார் பெண்ணாடத்துக்கு வராமலிருப்பதே நல்லது.

இன்று மாலை உங்கள் தெருமுனையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு கணிப்பொறி அடையாளம் காண வேண்டியவற்றைப் பட்டியலிடுங்கள். பொறுப்பு ஏன் நடந்து செல்பவர் தலையில் விழக்கூடாது என்பது உங்களுக்கே விளங்கும்.