ஃபிலிமில் கற்கட்டும், டிஜிட்டலில் பிரிண்ட் போடட்டும்



கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு இப்போது கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் பிடிக்க ஆசை வந்திருக்கிறது. "கையில் நல்ல போன் இருக்கும்போது எதற்கு இந்த வெட்டிச் செலவு?" என்கிறார்கள் பெற்றோர். அவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் சொல்கிறேன், தடுக்காதீர்கள்.

செலவு உண்மைதான். 1960-இல் ஊட்டியில் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. இன்று இங்கிலாந்தின் இல்ஃபோர்டு, அமெரிக்காவின் கோடக் என்று வெளிநாட்டு ஃபிலிமைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு ரோலில் 36 படம். அதனால்தான் பிள்ளை ஒவ்வொரு படத்துக்கும் நின்று யோசிப்பான்.

என்ன யோசிப்பான்? நம் ஊர்த் தறியில் நெய்த அரக்குப் பட்டு, பச்சைக் கரை. கண்ணுக்கு எவ்வளவு எடுப்பு! கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகி, கரையே தெரியாமல் போகலாம். லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டால் அரக்கு வெளுக்கும், பச்சை கறுக்கும், கரை பிரிந்து நிற்கும். போனிலும் இதை விரலால் தள்ளி மாற்றலாம். ஆனால் ஏன் மாறியது என்று யோசிக்கும் அவசியம் அங்கே வராது.

ஃபிலிம் கழுவ தனி இருட்டறை வேண்டாம். வெளிச்சம் புகாத பையும் மூடி போட்ட டேங்கும் போதும். டெவலப்பர் பொதுவாக 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே சுடும். ஐஸ் வைத்துக் குளிர்விக்க வேண்டும், இல்லையென்றால் கழுவும் நேரத்தைக் குறைக்க வேண்டும். வெப்பம் கூடினால் வேதிவினை வேகமாகும் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை இங்கே கண்ணால் பார்ப்பான்.

பிரிண்டுக்கு மட்டும் பழைய முறையே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். என்லார்ஜர், தாள், தட்டுகள், அதற்கொரு அறை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நெகட்டிவை ஸ்கேன் செய்து, நல்ல தாளில் டிஜிட்டல் பிரிண்ட் போடட்டும். ஃபோட்டோஷாப்பில் ஓரிடத்தை வெளிறச் செய்யும் கருவிக்குக் குச்சியில் ஒட்டிய வட்டமும், கறுக்கச் செய்யும் கருவிக்கு ஒரு கையும் அடையாளமாக இருக்கும். இருட்டறைக்காரர்கள் வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் வேலை செய்த விதம் அது. ஃபிலிம் தெரிந்தவனுக்கு அந்தப் படங்கள் உடனே புரியும்.

இன்னொன்று. நம் போன்களில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. போன் போனால் அவையும் போகலாம். பழைய ஸ்டூடியோக்காரர் எடுத்த தாத்தா பாட்டி படம் இன்னும் சுவரில் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடிப் போய் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டிலோ கடையிலோ பழைய நெகட்டிவ் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். ஃபிலிம் கற்க ஆசைப்படும் பிள்ளையிடம் கொடுங்கள். முதலில் அதை ஸ்கேன் செய்து பிரிண்ட் போடட்டும். அதற்கு ஃபிலிம் செலவுகூட இல்லை.