லயத்துச் சுவரை யார் பார்ப்பது?



2025 ஆகஸ்டு 24, ஞாயிறு காலை ஜொகூர் சிகாமட்டில் பூமி அதிர்ந்தது. அளவு 4.1. இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் அன்று தேக்கா கோப்பிக்கடையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டபடி இருந்தார்கள். "அதான் நின்னுபோச்சேண்ணே!" என்றான் ஒருவன். எங்கே நின்றது? அடுத்தடுத்த நாட்களிலும் சின்னச் சின்னதாய் வந்தது.

இது புதுசல்ல. பகாங் புக்கிட் திங்கி மலைப்பக்கம் 2007 நவம்பர் 30இல் தொடங்கி 2009 வரை இருபது தடவைக்கு மேல் ஆடியது. பெரும்பாலும் சின்ன அதிர்வுகள்தான். ஆனால் இப்படிக் கூட்டமாய் வரும் அதிர்வில் அடுத்தது பெரிசா, சிறிசா என்று எந்த விஞ்ஞானியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாள் குறித்துச் சொல்கிறவன் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளை வாசலில் படுக்க வைக்காதீர்கள்.

சுமத்ராவில் அதிர்ந்தால் சிங்கப்பூர் அடுக்குமாடி ஆடும். என்ஜினீயர் வந்து கட்டடத்தைப் பார்ப்பார். நம் லயத்துக்கு யார் வருவார்? நான் பிறந்த லயத்துச் சுவரில் ஒரு வெடிப்பு. அம்மா அதில்தான் சீப்பைச் செருகி வைப்பார். ஆபீசில் முறையிட்டால் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்கள்.

வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் சங்கக் கிளைத் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். என்ஜினீயர் பார்க்கிற வரைக்கும் யாரையும் சுண்ணாம்பு அடிக்க விடாதீர்கள்.