முதலில் உறங்கட்டும்



சில ஆண்டுகளுக்கு முன் மும்பை தாராவியில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்குக் குழந்தையை ஆசீர்வதிக்கச் சென்றிருந்தேன். பிறந்து மூன்று வாரம். துணைக்கு வந்த தாயார் ஊருக்குத் திரும்பிவிட்டார். கணவருக்கோ இரவு வேலை. குழந்தை சுகமாயிருந்தது. தாய் மட்டும் காரணம் சொல்லத் தெரியாமல் அழுதார். "என் விசுவாசம் குறைந்துவிட்டதோ, ஐயா?" என்றார். ஜெபித்துவிட்டு வந்தேன். கடைசியாக எப்போது உறங்கினீர்கள் என்று கேட்கத் தவறினேன்.

பச்சிளங்குழந்தை இரவும் பகலுமாக 8 முதல் 12 முறை பால் குடிக்கும். தாய்க்கு உறக்கம் ஏது? பேறு முடிந்த முதல் நாட்களில் கண்ணீர் வருவது இயல்பே. இரண்டு வாரங்களைக் கடந்தும் நீடித்தால் அது நோயாயிருக்கலாம், மருத்துவரிடம் செல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் எழுந்தால் அன்றே செல்லுங்கள். சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை; அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டான்.

சகோதரரே, பாலூட்டுவது தவிர மற்றெல்லாம் உங்களாலும் கூடும். சபைத் தாய்மார்களே, பார்க்கப் போகையில் குழந்தைக்குச் சட்டை வேண்டாம். சோறும் ரசமும் கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரம் குழந்தையை மடியில் வைத்திருங்கள். அதற்குள் அவள் உறங்கிவிடுவாள்.