பிரம்பின் மீது எதற்கு இந்த ஏக்கம்?

'கெஸ்' படத்தில் ஒரு காட்சி. தலைமையாசிரியர் கிரைஸின் அறை வாசலில் சில பையன்கள் தண்டனைக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களோடு நிற்கும் ஒரு சின்னப் பையன் எந்தத் தப்பும் செய்யாதவன். வேறொரு ஆசிரியர் சொல்லியனுப்பிய சேதியைச் சொல்ல வந்தவன். சோதனைக்குப் பயந்த பெரிய பையன்கள் தங்கள் சிகரெட்டுகளை அவன் பைக்குள் திணித்துவிடுகிறார்கள். உள்ளே போனதும் கிரைஸ் பேச ஆரம்பிக்கிறார். சிறுவன் வாயைத் திறக்கப் பார்க்கிறான். அவர் விடுவதில்லை. பேச்சு முடிந்ததும் எல்லோருக்கும் கையில் பிரம்படி. சேதி கொண்டுவந்தவனுக்கும்தான்.

கிரைஸ் அப்போது என்ன பேசுகிறார் என்பது முக்கியம். அந்தக் காலத்துப் பையன்களையும் அவர் அடித்தாராம். அவர்கள் வளர்ந்து ஆளான பிறகும் தெருவில் பார்த்தால் நின்று பேசுகிறார்களாம், வாங்கிய அடியைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். இந்தத் தலைமுறைக்குத்தான் மரியாதையும் தெரியவில்லை, சொன்னால் கேட்கவும் தெரியவில்லையாம். இதையெல்லாம் சொல்லும்போது அவர் கையில் பிரம்பு இருக்கிறது.

கென் லோச் இயக்கி 1969இல் வந்த இந்தப் படத்தைப் பற்றி இன்று பிரிட்டனில் பேசுகிறவர்கள் பலரும் ஏக்கத்தோடுதான் பேசுகிறார்கள். 1999இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் அந்நாட்டின் சிறந்த நூறு படங்களைப் பட்டியலிட்டபோது இதற்கு ஏழாவது இடம் கிடைத்தது. கதை நடக்கும் பார்ன்ஸ்லி நகரில் பில்லி காஸ்பருக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். யார்க்‌ஷயர் பேச்சு, நிலக்கரி ஊரின் தெருக்கள், உடற்பயிற்சி ஆசிரியர் சக்டன் தன்னையே பாபி சார்ல்டனாக நினைத்துக்கொண்டு பையன்களோடு ஆடும் அந்தக் கால்பந்தாட்டம் எல்லாம் இனிய நினைவுகளாகிவிட்டன. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது? கோல் விட்டதற்காகப் பில்லியைக் குளியலறையில் மடக்கி, வெளியேற விடாமல், குளிர்ந்த நீரைத் திறந்துவிடுகிறார் அதே சக்டன். ஆட்டத்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் அந்தக் குளியலறையைச் சொல்வதில்லை.

ஏக்கம் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு குற்றப்பத்திரிகையை எடுத்து அதைக் குடும்ப ஆல்பமாக மாற்றிவிடுகிறது.

இந்தப் படம் எதைக் குற்றம் சாட்டியது என்று பார்ப்போம். மூலக்கதையான நாவலை 1968இல் எழுதியவர் பாரி ஹைன்ஸ், சுரங்கத் தொழிலாளியின் மகன். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பெரும்பாலான குழந்தைகள் பதினொரு வயதில் ஒரு தேர்வு எழுத வேண்டியிருந்தது. அதில் தேறிய சிறுபான்மையினர் கிராமர் பள்ளிக்கும், அங்கிருந்து கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். மற்றவர்களுக்கு செகண்டரி மாடர்ன் பள்ளி. பதினைந்து வயதில் அதை விட்டு வெளியே வந்தால் சுரங்கமோ ஆலையோ காத்திருக்கும். பாரி தேறினார். அவர் தம்பி ரிச்சர்ட் தேறவில்லை. ஒரே வீடு, ஒரே அப்பா, இரண்டு பள்ளிகள். தோற்றவன் என்று முத்திரை குத்தப்பட்ட அந்தத் தம்பிதான் பின்னாளில் கெஸ்ட்ரல் பறவைகளைப் பழக்கினார். நாவலுக்கு வித்திட்டதும், படத்துக்குப் பறவைகளைப் பயிற்றுவித்ததும் அவர்தான். அரசாங்கத்தின் தேர்வுக்கு அந்தத் திறமையை அளக்கத் தெரியவில்லை.

நாவலின் தலைப்பிலேயே ஒரு படிநிலை இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தின் வேட்டை மரபில் யார் எந்தப் பறவையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரிசை உண்டு. பேரரசருக்குக் கழுகு, அவருக்குக் கீழே அரசர், பிரபு, சீமாட்டி, பாதிரியார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பறவை. கடைசியில் நிற்கும் எடுபிடி ஆளுக்குக் கெஸ்ட்ரல். வானத்துப் பறவைகளைக்கூட மேல் கீழ் என்று அடுக்கிவைத்த சமூகம் அது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் படித்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பில்லி அந்தப் பறவையைப் பழக்கக் கற்றுக்கொள்ள நூலகத்துக்குப் போகிறான். உறுப்பினர் இல்லை, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். புத்தகக் கடையில் திருடுகிறான். பள்ளி முழுக்க மக்கு என்று ஒதுக்கிய பையன், திருடிய புத்தகத்தை வரி வரியாகப் படித்து, ஒரு காட்டுப் பறவையைத் தன் கைக்கு வரவழைக்கிறான். ஆசிரியர் ஃபார்திங் வகுப்பில் அவனைப் பேசச் சொல்லும்போது கரும்பலகையில் சொற்களை எழுதிக்காட்டி அவன் பாடம் நடத்துகிறான். அந்தப் பள்ளியில் அவனிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. பிறகு வேலைவாய்ப்பு அதிகாரி முன் உட்காரும்போது அதே பில்லிக்குப் பேச்சு வரவில்லை. அவன் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான், சுரங்கத்துக்குப் போக மாட்டேன் என்பது. ஆனால் அவனுக்கு வேறு வழி காட்ட அந்த மேசையில் எதுவும் இல்லை.

இந்த மறுப்பைத்தான் ஏக்கம் முதலில் மறக்கிறது. 1984-85இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தாட்சர் அரசிடம் தோற்றார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2015இல் யார்க்‌ஷயரின் கெல்லிங்லியோடு பிரிட்டனின் ஆழ்நிலச் சுரங்கங்கள் முடிந்துபோயின. சங்கமும் கூலியும் போன ஊரில் மக்கள் பழைய நாட்களை நினைத்து அழுவதில் குற்றமில்லை. அந்தச் சுரங்கங்களைச் சுற்றி உண்மையான தோழமை இருந்தது. ஆனால் "அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது" என்று அந்த அழுகையைத் திருப்பிவிட அரசியல்வாதிகள் காத்திருக்கிறார்கள். சுரங்கத்தை மூடியவர்கள் மீது போக வேண்டிய கோபம், வந்தேறிகள் என்று சொல்லப்படும் சக தொழிலாளி மீது போகிறது. சுரங்கத்தை மூடி வேறு வாழ்வு தராதது அநீதி. சுரங்கத்தைத் தவிர வேறு வாழ்வே இல்லாமல் செய்து வைத்திருந்ததும் அநீதிதான். பில்லி இரண்டாவதைச் சொன்னவன்.

இங்கே நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கும். பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியார் அதை எதிர்த்தார், 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. சுரங்கத் தொழிலாளி மகனுக்குச் சுரங்கம் என்ற பார்ன்ஸ்லியின் கணக்கும் இதுவும் ஒன்றல்ல. பில்லி ஊர் மாறினால், பேச்சு மாறினால், அவன் அப்பன் தொழில் அவனைத் தேடி வராது. சாதி தேடி வரும். பில்லிக்குப் பள்ளியில் அடி விழுந்தது, ஆனால் அவன் குடிக்கிற குழாயை யாரும் தீட்டு என்று சொல்லவில்லை. சாக்கை விரித்துத் தனியே உட்கார்ந்து படித்த சிறுவன் பீமாராவுக்கு, பியூன் வராத நாளில் தண்ணீர்கூட இல்லை. வேறுபாட்டை மறக்காமல்தான் உறவைப் பேச வேண்டும்.

உறவு இருக்கிறது. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பள்ளியில் விட்டுவிட்டுப் போன கதையை நாமும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறோம். பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் பிரம்பு 1987இல் சட்டப்படி ஒழிந்தது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்தது. ஆனாலும் "அடி வாங்கித்தான் நாங்கள் உருப்பட்டோம்" என்ற பேச்சு ஓயவில்லை. அதைச் சொல்கிறவர் உருப்பட்டவர். உருப்படாமல் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அந்த அடிக்குப் பயந்து திரும்பியே வராதவர், பழைய மாணவர் சந்திப்புக்கு வருவதில்லை. கிரைஸைத் தெருவில் நிறுத்தி வணக்கம் சொல்கிறவர்கள் எப்போதும் வணக்கம் சொல்லும் இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்தான்.

படத்தின் மீதும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் காட்சியில் நின்ற பையன்கள் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள். அவர்கள் கையில் விழுந்த அடி நடிப்பல்ல, உண்மை. அந்தச் சின்னப் பையனின் கண்ணீரும் உண்மை. வன்முறையைக் காட்ட வந்த கலையே ஒரு குழந்தையை அடித்துக் காட்டியது. அதையும் சேர்த்துத்தான் இந்தப் படத்தை மதிக்க வேண்டும்.

நாவலில் பில்லியை ஒரு கற்பனைக் கதை எழுதச் சொல்கிறார்கள். மற்ற பையன்களாக இருந்தால் புதையலோ விண்வெளிப் பயணமோ வந்திருக்கும். அவன் எழுதுவது இதுதான்: காலையில் படுக்கைக்கே சாப்பாடு வருகிறது, வீடு கதகதப்பாக இருக்கிறது, ஓடிப்போன அப்பா திரும்பி வந்துவிட்டார், அடிக்கிற அண்ணன் போய்விட்டான், ஆசிரியர்கள் அன்பாகப் பேசுகிறார்கள். ஒரு குழந்தைக்கு வேறு என்ன கிடைத்திருக்க வேண்டும்? அது அவனுக்கு நம்ப முடியாத கதையாக இருந்தது.

படத்தைப் பாருங்கள் தோழர்களே. பறவை பறக்கும்போது மெய்மறந்தும் பாருங்கள், அதில் தவறில்லை. தலைமையாசிரியர் அறை வரும்போது மட்டும் கிரைஸ் பேசுவதைக் கேட்டுக்கொண்டே, வரிசையில் நிற்கும் அந்தச் சின்னப் பையனைப் பாருங்கள். அவன் ஏதோ சொல்ல வந்தான். இன்னும் யாரும் கேட்கவில்லை.