‘நம்ம ஆளுக்கு அதெல்லாம் வராது’

போர்முனையிலிருந்து திரும்பிய முன்னாள் ராணுவத்தினரின் மனக்காயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊரில் பதில் தயாராக இருக்கிறது. ‘அதெல்லாம் அமெரிக்காக்காரன் வியாதி. நம்ம ஆளுக்குக் குடும்பம் இருக்கு, பென்ஷன் இருக்கு, கேன்டீன் இருக்கு. அவனுக்கென்ன குறை?’ டீக்கடைப் பேச்சுதானே என்று ஒதுக்க முடியாது. மெத்தப் படித்தவர்களும் இதையே சற்று நாசூக்காகச் சொல்கிறார்கள்.

‘அமெரிக்க வியாதி’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த மனக்காயத்துக்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அங்கே வைத்ததுதான். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் நிலையைப் பார்த்தபின், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குண்டு விழுந்த அதிர்ச்சியில் பேச்சிழந்து, தூக்கமிழந்து தவித்த சிப்பாய்களைப் பற்றி 1915லேயே பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் லான்செட் இதழில் எழுதிவிட்டார். முதல் உலகப் போரின் அந்த பிரான்ஸ் பதுங்குகுழிகளில் அப்போது இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

அப்படியானால் இங்கே ஏன் கண்ணில் படவில்லை? சர்வீஸில் இருப்பவன் மனசு சரியில்லை என்று டாக்டரிடம் வாய் திறந்தால் மெடிக்கல் கேட்டகிரி இறங்கும், பதவி உயர்வு தட்டிப்போகும். அதனால் தலைவலி என்பான், நெஞ்சு படபடப்பு என்பான். ஓய்வுபெற்று வந்தபின் அதே நோய்க்கு ஊர் வைக்கும் பெயர் குடி. கேன்டீன் கோட்டாவில் வரும் ரம்தான் அவனுக்குத் தூக்க மாத்திரை. ‘மிலிட்டரிக்காரர் அப்படித்தான்’ என்று சிரித்துவிட்டுப் போகிறோம். கணக்கில் ஏறாத நோயை, இல்லாத நோய் என்று சாதிக்கிறோம்.

அடுத்தது குடும்பம். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. கொடுமையை அனுபவித்தவருக்கு அதற்குப் பின் ஆதரவு கிடைக்காமல் போவது இந்த நோய்க்கான வலுவான காரணங்களில் ஒன்று என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒரே கூரையின் கீழ் இருப்பதாலேயே ஆதரவு கிடைத்துவிடுவதில்லை. பதினைந்து, பதினேழு வருடம் லீவுக்கு மட்டும் வந்துபோன மனிதர் அவர். அவர் இல்லாமலே வீட்டை நடத்தப் பழகிவிட்ட மனைவி, அவரிடம் பேசிப் பழகாத பிள்ளைகள். அவர் கண்டதைக் கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை. வீரக் கதை கேட்கத்தான் ஆசை.

கண்டது வீரக் கதையாக இல்லாவிட்டால்? தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பாடமே உண்டு. 1987 ஜூலையில் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியபோது, ஏறத்தாழ 1,200 பேரை இழந்திருந்தது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் ஊழியர்களும் அந்தப் படையின் கையால் கொல்லப்பட்ட பிறகு, இங்கிருந்த கோபத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து எதை அவர்கள் சொல்லியிருக்க முடியும்? கண்ணிவெடியில் சிதறிய நண்பனைப் பற்றிச் சொன்னால் கேட்பார் இல்லை. தான் செய்ததையோ, தடுக்காமல் நின்றதையோ சொன்னால் சொந்தக்காரர்களே முகம் திருப்புவார்கள். பயத்தால் வரும் காயம் ஒருவகை. குற்ற உணர்வால் வரும் காயம் வேறுவகை. இரண்டாவதைக் குடும்பப் பாசம் மட்டும் ஆற்றாது. அதற்கு, கேட்டதை வெளியே விடாத, தீர்ப்புச் சொல்லாத ஒருவர் வேண்டும்: பயிற்சி பெற்ற மருத்துவரோ, உடன் இருந்த இன்னொரு சிப்பாயோ.

பென்ஷனும் வேலையும் கொடுத்தாயிற்றே என்பார்கள். பென்ஷன் அரிசி பருப்புக்கு, தூக்கத்துக்கு அல்ல. வேலையைப் பாருங்கள். நாற்பது வயதை ஒட்டி வெளியே வரும் சிப்பாய்க்கு நாம் நீட்டுவது பெரும்பாலும் செக்யூரிட்டி உடுப்பு. இரவெல்லாம் விழித்திரு, தனியாக உட்கார், வருகிறவனை எல்லாம் சந்தேகி. சத்தம் கேட்டால் திடுக்கிடுகிற, தூக்கம் வராத மனிதருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வேலையைத் தேடிப்பிடிக்க முடியாது. அதையும் ‘மறுவாழ்வு’ என்கிறோம்.

‘ஊனப் பென்ஷனுக்காக நடிக்கிறார்கள்’ என்று இன்னொரு கட்சி. பட்டாளத்தில் சேரும்போது உடல்நலம் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அப்போது குறை எதுவும் பதிவாகவில்லை என்றால், பின்னால் நோயால் வெளியேற்றும்போது அது சர்வீஸால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. நடிப்பவர் ஓரிருவர் இருக்கலாம். அவர்களுக்காக மற்ற எல்லாரையும் கோர்ட்டுப் படியேற வைப்பது நியாயமில்லை.

இந்த மனக்காயம் குணப்படுத்தக்கூடிய நோய். நடந்ததை மருத்துவர் துணையோடு மெல்ல எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சைகளுக்குப் பலன் உண்டு, மருந்துகளும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 முதல் நடக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். மனைவியும் பிள்ளையும்கூடக் கூப்பிடலாம். அங்கங்கே வழி இருக்கிறது. ‘நம்ம ஆளுக்கு அதெல்லாம் வராது’ என்ற ஒரு வரிதான் அந்த வழியில் போகவிடாமல் தடுக்கிறது.

இனி வரப்போவது இன்னும் மோசம். 2022இல் தொடங்கிய அக்னிபத் ஆளெடுப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் முதல் அணிக்கு நான்கு ஆண்டுப் பணிக்காலம் 2026 இறுதியில் முடிகிறது. நால்வரில் ஒருவருக்குத்தான் பட்டாளத்தில் தொடர இடம். மற்ற மூவருக்கு, திட்டத்தை அறிவித்தபோது இருந்த விதிப்படி, பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை, இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஊருக்குத் திரும்பும் அந்தப் பையன்களுக்கு, குறைந்தபட்சம் மனநல சிகிச்சையாவது இ.சி.எச்.எஸ்.ஸில் கிடைக்க மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும்.